படத்தைப் பாராதே, வேரைப் பார்!



நகரத்துப் பேரங்காடிகளில் பூங்கிழங்குகளும், மண்ணின்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டிய ரோசாக் கன்றுகளும் விற்கப்படுகின்றன. மாணவர்கள் சேமித்த காசில் சென்ற ஆண்டு நம் பள்ளித் தோட்டத்திற்கு ஐந்து கன்றுகள் வாங்கினோம். நான்கு பட்டுப்போயின. குற்றம் என்னுடையதே. அட்டையிலிருந்த படத்தைப் பார்த்தேன், வேரைப் பார்க்கவில்லை.

வெறும் வேருடன் நடுவது தோட்டமக்களுக்குப் புதிதன்று. ரப்பர் ஒட்டுக்கன்றின் தண்டை ஒட்டிய மொட்டுக்கு மேலே வெட்டி, ஆணிவேரை அளவாக நறுக்கி, வேர் உலருமுன் நட்டவர்கள் நம் முன்னோர். அந்த அறிவே இங்கும் வேண்டும்.

கன்றின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறினால் பச்சை தெரிய வேண்டும். வேர் ஈரமாகவும் வளையக்கூடியதாகவும் இருத்தல் நன்று. நடுமுன் சில மணி நேரம் வேரை நீரில் ஊற வைக்கலாம். கிழங்கு கெட்டியாகவும் கனமாகவும் இருக்கட்டும். மெத்தென்று அமுங்குவதும் பூஞ்சணம் பூத்ததும் வேண்டா. நம் கனமழையில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். ஆதலால் மணல் கலந்த மேட்டுப் பாத்தியே ஏற்றது.

டியூலிப் கிழங்கு பூப்பதற்குப் பல வாரக் குளிர் தேவை. நம் வெப்பத்தில் அது நிலைக்காது. நிலச்சம்பங்கி, மஞ்சள், இஞ்சி ஆகியவை நம் மண்ணில் செழிக்கும். செங்காந்தள் கிழங்கு கொடிய நஞ்சு. சிறுவர் கைக்கு எட்டாமல் வைத்திடுக.

பிழைத்த அந்த ஒரு ரோசா இன்று வகுப்பறை வாயிலில் பூத்து நிற்கிறது. உழைத்துச் சேர்த்த வெள்ளியைக் கொடுக்குமுன் ஒரு நிமிடம் வேரைப் பாருங்கள்!