பள்ளித் தோட்டம்: மண்வெட்டி யார் கையில், நோட்டு யார் கையில்?

பள்ளி வளாகத்தில் காய்கறித் தோட்டம் போடுங்கள், விளைவதை மதிய உணவில் சேருங்கள் என்று 2019-ல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. இடமில்லாத பள்ளிகள் மொட்டைமாடியிலும் தொட்டியிலும் வளர்க்கலாம் என்கிறது அது. நல்ல திட்டம்தான். ஆனால் கூலி வேலை செய்யும் தலித் பெற்றோருக்கு இதில் ஒரு கேள்வி உண்டு. மண் வெட்டும் வேலையிலிருந்து தப்பிக்கத்தானே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்?

கேள்வி நியாயமானது. 1953-ல் ராஜாஜி அரசு, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்றது. குலக்கல்வி என்று எதிர்ப்புக் கிளம்பி, 1954-ல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. பழைய கதை என்று இதைத் தள்ளவும் முடியாது. 2022-ல் ஈரோடு மாவட்டத்தில், பட்டியல் சாதி மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில் தலைமை ஆசிரியை ஒருவர் கைதானார்.

அதற்காகத் தோட்டமே வேண்டாம் என்று ஒதுங்கினால் இழப்பு நம் பிள்ளைகளுக்குத்தான். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில் பாத்தி கட்டினால் பரப்பளவுக் கணக்கு காலடியில் இருக்கிறது. 20 வெண்டை விதை ஊன்றி 16 முளைத்தால் சதவீதம் புரிந்துவிடும். இலையின் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சியையும், எருக்குழியில் நெளியும் மண்புழுவையும் பார்த்த பிள்ளைக்கு அறிவியல் பாடம் மனப்பாடம் ஆகாது. முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். விதைத்தவர்களே சாப்பிடலாம்.

சொந்தமாக ஒரு சென்ட் நிலமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு, பள்ளித் தோட்டம் உரிமையோடு கால் வைக்கும் மண். அந்த உரிமை காக்கப்பட, வேலைப் பட்டியல் எழுத்தில் இருக்க வேண்டும். எரு சுமப்பது, தண்ணீர் ஊற்றுவது, அளப்பது, குறிப்பெழுதுவது எல்லாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் முறை வைத்து வர வேண்டும். ஒருவர் கையில் எப்போதும் மண்வெட்டி, இன்னொருவர் கையில் எப்போதும் நோட்டு என்றால், அது தோட்ட வடிவில் வந்த குலக்கல்விதான்.

பெற்றோர் பங்கேற்பிலும் இதே கவனம் தேவை. நாற்றுக்கும் களைக்கும் வித்தியாசம் பார்த்தவுடன் சொல்லிவிடும் நம் அம்மாக்களைக் குப்பை அள்ளக் கூப்பிடக் கூடாது. வகுப்பின் முன் நிறுத்திப் பாடம் சொல்லக் கூப்பிட வேண்டும். தன் தாயை ஆசிரியர் 'வாங்க' என்று வரவேற்று, நாற்காலி போட்டு, சொல்வதைப் பிள்ளைகள் எழுதிக்கொள்வதைப் பார்க்கும் குழந்தை நிமிர்ந்து உட்காரும். ஒரு நாள் கூலியை இழந்து வரச் சொல்லாமல், அவர்களுக்குத் தோதான நேரத்தில் அழைப்பதும் மரியாதைதான்.

இதையெல்லாம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடமும் உண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அக்குழுவின் பொறுப்பு.

அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். தோட்டம் எங்கே? வேலைப் பட்டியலில் யார் பெயர் எதற்கு நேராக இருக்கிறது? பாடம் சொல்ல எங்கள் தெருவிலிருந்து யாரை அழைத்தீர்கள்? விளைந்த காயை எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உண்கிறார்களா? இந்த நான்கையும் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.