படத் தபாலட்டைகளும் சமூக வரலாறும்

தபாலட்டை சேகரித்தல் வெறும் பொழுதுபோக்காகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. முறையாக ஆராயுமிடத்து அது சமூக வரலாற்றுக்கான சான்றுத் தொகுதியாகவும் அமைகின்றது.

1869இல் ஒஸ்திரியா-ஹங்கேரியில் வெளியான முதலாவது உத்தியோகபூர்வத் தபாலட்டையிற் படம் இருக்கவில்லை. படத் தபாலட்டைகள் பரவிய பின்னரும், ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியதாயிருந்தது. 1902இல் பிரித்தானியா அப்பக்கத்தைப் பிரித்துச் செய்தி எழுதவும் இடமளித்தது. ஏனைய நாடுகளும் பின்னர் அவ்வாறே செய்தன. எனவே பின்புறத்துப் பிரிகோடு அட்டையின் காலத்தைக் கணிக்க உதவுகின்றது. தபால் முத்திரையோ அனுப்பிய நாளை மட்டுமே காட்டும். படம் அதற்குப் பல்லாண்டுகள் முந்தியதாயிருத்தல் கூடும்.

1890இல் கொழும்பில் நிறுவப்பட்ட பிளாட்டே நிறுவனம் போன்றவை வெளியிட்ட இலங்கை அட்டைகளை நோக்குவோம். விடுதிகளும் வீதிகளும் பெயர் சுட்டப்படுகின்றன. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணோ பெரும்பாலும் இனத்தாலும் தொழிலாலுமே குறிக்கப்படுகின்றாள். பயணிகளுக்கு விற்கப்பட்ட அப்பண்டத்தில் அவளது உழைப்பு அழகுக் காட்சியாயிற்று; கூலியும் லயன் அறையும் சட்டகத்துக்கு வெளியே நின்றன.

ஆகவே தலைப்பு, வெளியீட்டாளர், முத்திரை, எழுதப்பட்ட செய்தி ஆகிய யாவற்றையும் நாம் பதிவுசெய்தல் வேண்டும். படம் மட்டும் தெரியும்படி அட்டையை அல்பத்தில் ஒட்டிவிடுவோமாயின், அவளைப் பெயரற்றவளாக்கிய பார்வையையே நாமும் பேணியவராவோம்.