நுரைக்குக் கர்நாடகம், ஆலைக்கு நாம்!

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்தால், தென்பெண்ணையில் நுரை பொங்குகிறது. நந்தி மலையில் பிறக்கும் ஆற்றில், பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் கழிவுநீரும் கலந்துதான் தமிழகத்துக்குள் வருகிறது. இதைக் கண்டிப்பதில் நம் அரசியல்வாதிகளுக்குள் கட்சி பேதமே இல்லை. குற்றவாளி எல்லைக்கு அப்பால் இருக்கிறார். கண்டித்தால் உள்ளூரில் ஒரு ஓட்டும் குறையாது.

எல்லைக்கு இப்பால் நிற்கும் ஆலைகளைப் பற்றிக் கேட்டால்தான் குரல் இறங்குகிறது. 1970களில் ஓசூரில் மாநில அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வரிசை நீண்டு, இன்று டாடா எலெக்ட்ரானிக்ஸ் வரை, போச்சம்பள்ளியில் ஓலா வரை வந்து நிற்கிறது. வானம் பார்த்த பூமியில் இத்தனை பேருக்கு மாதச் சம்பளம் கிடைப்பது சின்ன விஷயமல்ல. அதனால்தான் ஆட்சி மாறினாலும் பாதை மாறுவதில்லை. ஜெயலலிதா 2012-ல் 'தொலைநோக்குத் திட்டம் 2023' வெளியிட்டார், மு.க.ஸ்டாலின் 2030-க்குள் ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரம் என்றார். 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையத்தையும் சட்டமன்றத்தில் அவர் அறிவித்தார்.

மாறுவது இருக்கைதான். கிருஷ்ணகிரி மாவட்டத்தையும் தொட்டுச் செல்லும் சென்னை - சேலம் எட்டு வழிச்சாலையை மத்திய அரசு அறிவித்து, அ.தி.மு.க. அரசு அதற்கு நிலம் எடுக்க முனைந்தபோது, விவசாயிகள் பக்கம் நின்றது தி.மு.க. அதே தி.மு.க. ஆட்சியில், சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று உத்தனப்பள்ளி வட்டார விவசாயிகள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். நீர்நிலைகள் உள்ள நிலங்களையும் பெரிய திட்டங்களுக்கு ஒருங்கிணைக்க வழிசெய்யும் சட்டம் 2023 ஏப்ரலில் நிறைவேறியது.

சூழல் மீது அக்கறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்ததும் அதே தி.மு.க. அரசுதான். ஆனால், காட்டுக்கு ஒரு கோப்பு, ஆலைக்கு ஒரு கோப்பு என்று இரண்டும் தனித்தனியே நகர்கின்றன. ஓசூரை ஒட்டிய சானமாவு காடு வரை வரும் யானைகளுக்கு இந்தப் பிரிவினை தெரியாது. நிலத்தடி நீருக்கும் தெரியாது.

பெங்களூரிடம் கழிவுக்குக் கணக்குக் கேட்பது நம் உரிமை. அந்த உரிமைக்கு வலு வேண்டுமானால், நம் கணக்கும் வெளியே வர வேண்டும். புதிய தொழிற்பேட்டையை அறிவிக்கும் அமைச்சர், முதலீடு எத்தனை கோடி, வேலை எத்தனை பேருக்கு என்பதோடு, தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும் என்பதையும் அதே மேடையில் சொல்லட்டும். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ஓசூர் வாக்காளர்கள் கேட்க வேண்டியதும் இதைத்தான்.