ஏலகிரிக்கு மட்டக்குதிரைப் பயணம்

ஆம்பூரிலிருந்து ஜோலார்ப்பேட்டைக்கு ரயிலேறுகிறவர்கள், வாணியம்பாடி தாண்டியதும் இடது பக்கத்து ஜன்னலுக்கு வந்துவிடுவது நல்லது. அங்கே நீண்டு படுத்திருக்கும் ஏலகிரியைச் சாதாரணக் குன்றென்றே நாம் வெகுகாலம் எண்ணியிருந்தோம். பூகர்ப்ப சாஸ்திரிகள் கூறுவதோ வேறு. ஏறக்குறைய 75 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்திலிருந்து எழுந்த அக்கினிக் குழம்பு, வெளியே வந்து கொட்டாமல் உள்ளேயே நின்று ஆறி, சயனைட் என்னும் பாறையாக இறுகிற்றாம். மேலே மூடியிருந்தவை யுக யுகமாய்க் கரைந்துபோக, உள்ளே இருந்தது மலையாக நிற்கிறது.

எரிமலைப் பூங்காவில் குதிரைகளுடன் கூடாரமடிப்பது பற்றி நம் நண்பர் ஒருவர் ஓயாது பேசிக்கொண்டிருந்தார். ஹவாயித் தீவுகளில் 10,023 அடி உயரமுள்ள ஹலேயாகாலாவின் பள்ளத்தில் 1937-ல் கட்டிய மூன்று குடில்கள் இருக்கின்றன. மோட்டார் போகாத அவ்விடங்களுக்குச் சாமான்கள் குதிரை மீதும் கோவேறு கழுதை மீதுமே செல்லும். "கடல் கடப்பானேன்? வெளியே வராத எரிமலை நம் வாசலிலேயே இருக்கிறதே!" என்றோம். வாய்ச்சொல் வினையாயிற்று.

ஆம்பூரில் முன்பு ஜட்கா ஓட்டிய குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், இரண்டு மட்டக்குதிரைகளும் ஒரு கழுதையும் வைத்திருந்தார். பாய் என்றுதான் ஊரார் அவரை அழைப்பார்கள். அவர் முதலில் கேட்டது கூலியன்று, தராசு! பொதி சுமக்கும் பிராணிகளுக்கென 1965-ல் இந்திய சர்க்கார் செய்த விதிகளின்படி, மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50 கிலோ. அதற்கு மேல் கூடாது. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரமே வேலை. இடையில் ஐந்து மணிக்கு மேல் ஓய்வின்றி நடத்தலாகாது. ஆக மூன்று பிராணிகளுக்கும் 190 கிலோ. கூடாரம், அரிசி, பாத்திரம், போர்வை, குதிரைக்குக் கொள்ளு எல்லாம் அரிசிக் கடைத் தராசில் ஏறி இறங்கின. நண்பரின் ஆர்மோனியப் பெட்டியைப் பாய் ஒதுக்கி வைத்தார்.

பொதி கட்டுவது ஒரு தனிக்கலை. முதுகெலும்பின் மேல் பாரம் படாமல் இருபுறமும் சமமாகத் தொங்க வேண்டும். ஏறும்போது பின்னால் சரியாதபடி நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வார். இறங்கும்போது முன்னால் சரியாதபடி வாலடியில் ஒரு வார். பாயின் வார்கள் ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலால் ஆனவை; அவருடைய தகப்பனார் காலத்தவை. இன்றைய ஆம்பூர்த் தோல் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதமாகிக் காலணியாகக் கப்பலேறுகிறது.

வனத்துறையாரிடம் அனுமதி பெற்று விடியுமுன் அடிவாரத்தில் கூடினோம். மோட்டார் சாலையில் பதினான்கு கொண்டையூசி வளைவுகள் உண்டு. நாம் அதை விட்டு ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். பாதி வழியில் வெள்ளைக் குதிரை நின்றுவிட்டது. நண்பர் அதட்டினார். பாய் ஒன்றும் பேசாமல் அதன் காதுகளைப் பார்த்தார். அவை பின்னால் படிந்திருந்தன. பொதியை அவிழ்த்தார். போர்வைக்குள்ளிருந்து ஆர்மோனியம் வெளிப்பட்டது! ஒரு பக்கம் பாரம் மிகுந்து சேணம் நகர்ந்து, முதுகில் உள்ளங்கையளவு தோல் வழன்றிருந்தது.

"இது ஆற ஒரு மாதமாகும், ஐயா. அதுவரை இதன் மேல் சேணம் வைக்கமாட்டேன்" என்றார் பாய். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்போம். அந்த ஒரு மாதக் கூலியை நாம் கொடுக்க முன்வந்தபோது மறுக்கவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை.

அக்குதிரையின் எழுபது கிலோவையும் நால்வரும் பகிர்ந்து சுமந்தோம். சயனைட் பாறையின் குணத்தை நம் முழங்கால்கள் அன்றே படித்துக்கொண்டன. சுமார் 3,600 அடி உயரத்தை எட்டியபோது பொழுது சாய்ந்துவிட்டது. மலைவாசி விவசாயி ஒருவர் தம் தரிசு நிலத்தில் தங்க இடந்தந்தார். குதிரை ஒன்று நாளைக்கு 25, 30 லிட்டர் தண்ணீர் குடிக்கும் என்பதை அப்போதுதான் அறிந்தோம். அவர் கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்தவர் ஆர்மோனிய நண்பரே, யாரும் ஏவவில்லை. பாய் வெதுவெதுப்பான உப்பு நீரால் புண்ணைக் கழுவினார். இரவில் மூன்று முறை விழித்தோம். மூன்று முறையும் நண்பர் லாந்தருடன் வெள்ளைக் குதிரையின் அருகே நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் அது வெறும் முதுகுடன் இறங்கிற்று. ஆர்மோனியம் பஸ்ஸில் வந்தது.