ஈஸ்ட் கேட்காத ரொட்டி

கோதுமை மாவு, உப்பு, சமையல் சோடா, மோர். அயர்லாந்தின் சோடா ரொட்டிக்கு இவை போதும். ஈஸ்ட் இல்லை, மாவு உப்பக் காத்திருக்கும் வேலையும் இல்லை.

காரணம் அந்த நாட்டு மழை. குளிரும் ஈரமும் மிகுந்த மண்ணில் நன்றாக விளைவது மென்கோதுமை. அதில் புரதம் குறைவு. ஈஸ்ட் மணிக்கணக்கில் விடும் வாயுவைப் பிடித்துவைக்க குளூட்டன் வலை உறுதியாக இருக்க வேண்டும். மென்கோதுமையில் அது அவ்வளவாக அமையாது. சோடாவின் வழி வேறு. வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புளித்த மோரில் லாக்டிக் அமிலம் உண்டு. அது சோடாவோடு சேர்ந்த நொடியே கரியமில வாயு கிளம்பிவிடும். அதனால் மாவைச் சேர்த்ததும் அடுப்பில் வைத்துவிட வேண்டும். அழுத்திப் பிசைவதும் ஆகாது, ரொட்டி இறுகிவிடும்.

இந்த ரொட்டி பழமையானது என்று பெயர் எடுத்தாலும், சமையல் சோடா அந்நாட்டு வீடுகளுக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். ஓவன் இல்லாத குடிசைகளில் அடுப்பு நெருப்பே போதுமானதாயிற்று. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த டர்ஃப் கட்டிகளை எரித்து, ‘பாஸ்டிபிள்’ என்ற வார்ப்பிரும்புச் சட்டியில் மாவை வைத்து, மூடியின் மேலும் தணலைப் பரப்புவார்கள். வடக்கே அல்ஸ்டரில் பெரும்பாலும் சட்டி இல்லை. தோசைக்கல் மாதிரியான இரும்புத் தட்டில் கால்வட்டத் துண்டுகளாகச் சுடுவார்கள். அந்தத் துண்டுக்கு ‘ஃபார்ல்’ என்று பெயர்.

ரொட்டியின் தலையில் சிலுவையாகக் கீறுவது உள்ளிருக்கும் குட்டித் தேவதைகள் வெளியேறுவதற்காம். தடித்த நடுப்பகுதியும் வேகட்டும், நான்காகப் பிய்க்கவும் வரட்டும் என்பது இன்னொரு விளக்கம். தேவதைக் கதையை விட்டுவிட எனக்கு மனமில்லை.

1845-இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் கடல் கடந்தார்கள். அமெரிக்காவில் அவர்களின் வழிவந்தவர்கள் மார்ச் 17, புனித பேட்ரிக் நாளன்று சுடும் ரொட்டியில் சர்க்கரை, முட்டை, வெண்ணெய், உலர்திராட்சை எல்லாம் சேர்கின்றன. இது கேக், ரொட்டியல்ல என்று மரபுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். முட்டை, சர்க்கரை விஷயத்தில் அவர்கள் பக்கம்தான் நான். ஆனால் திராட்சையை மன்னித்துவிடலாம். அயர்லாந்திலேயே விசேஷ நாளில் கைப்பிடி திராட்சை போட்டு, ‘புள்ளி நாய்’ என்று செல்லப்பெயரும் வைத்திருக்கிறார்கள்.

வெந்துவிட்டதா என்று பார்க்க அடிப்பக்கத்தைத் தட்டுவார்கள். உள்ளே காலியாக இருப்பதுபோல் ஒலித்தால் சரி. அன்றே உப்பு வெண்ணெயைத் தாராளமாகத் தடவித் தின்ன வேண்டும். மறுநாள் உலர்ந்துவிடும், வாட்டித் தின்னலாம்.