ஜன்னலோரச் சீட்டும் கூட்டல் குறியும்

உத்திரமேரூரிலிருந்து ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு நிம்மதி: கண்ணாடிக்கு உள்ளேதானே இருக்கிறோம், வெயில் என்ன செய்யும்?

தோலைச் சுட்டுச் சிவக்க வைப்பது யு.வி.பி கதிர். கண்ணாடி அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். யு.வி.ஏ அப்படியல்ல. சாதாரண ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வந்து, தோலின் ஆழம்வரை இறங்கும். சுடாததால் நமக்குத் தெரியாது. மங்கு கருப்பதும், முகம் சீக்கிரம் சுருங்குவதும் பிறகுதான் தெரியும். தோல் புற்றுநோயிலும் யு.வி.ஏ-வுக்குப் பங்குண்டு. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய ஒருவரின் படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் தடித்துச் சுருங்கிக் கிடந்தது.

சன்ஸ்கிரீன் டியூபில் எதைப் பார்ப்பது?

எஸ்.பி.எஃப் 50 என்ற பெரிய எண் முக்கியமாக யு.வி.பி-க்கானது. யு.வி.ஏ-வுக்குப் பக்கத்தில் உள்ள 'பி.ஏ' குறியைப் பாருங்கள். இது ஜப்பான் 1996இல் கொண்டுவந்த அளவு. ஒரு கூட்டல் குறி என்றால் காப்புத்திறன் 2 முதல் 4 வரை. இரண்டு என்றால் 4 முதல் 8. மூன்று, 8 முதல் 16. நான்கு, 16க்கு மேல். மூன்றுக்குக் குறையாமல் வாங்குங்கள். வட்டத்துக்குள் 'யு.வி.ஏ' என்றிருந்தால் அது ஐரோப்பிய முத்திரை: யு.வி.ஏ காப்பு, எஸ்.பி.எஃப்-இல் மூன்றில் ஒரு பங்காவது உண்டு என்று பொருள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பூசுங்கள். வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும்.

ஏமாந்தால்?

எண்ணை நம்பலாமா என்பதே வழக்காகியிருக்கிறது. 2025இல் லாக்மேயின் சன்ஸ்கிரீன் விளம்பரத்தை எதிர்த்து அதன் போட்டி நிறுவனமான ஹொனாசா டெல்லி உயர் நீதிமன்றம் போனது. விளம்பரத்தை மாற்ற லாக்மே தரப்பு ஒப்புக்கொண்டது. கம்பெனிக்கு இருப்பதுபோல் நமக்கும் ஒரு வழி உண்டு. பில்லையும் பேட்ச் எண் உள்ள டியூபையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

டியூபுக்குக் காசில்லையே என்பவர்கள் நம் வயல்களைப் பார்க்கலாம். நாற்று நடும் பெண்கள் புடவைமேல் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருப்பார்கள். நெருக்கமாக நெய்த துணி இரண்டு கதிரையும் தடுக்கும். அதில் கூட்டல் குறி எண்ண வேண்டியதில்லை.