500 ரூபாயில் ஒரு போர்: ரெட்ரோ வார்கேமிங் தொடங்குவது எப்படி?

இந்த எபிசோட்ல பொம்மைச் சிப்பாய்களை வெச்சுப் பெரியவங்க விளையாடற ஒரு விளையாட்டைப் பத்திப் பேசலாம். பேரு மினியேச்சர் வார்கேமிங். கேள்விப்படாதவங்களுக்குச் சின்ன அறிமுகம்: ஒரு மேசை, அது மேல ரெண்டு குட்டிப் படைகள், ஒரு அளவு நாடா, கொஞ்சம் டைஸ். செஸ் மாதிரி கட்டம் கிடையாது. காலாட்படை ஒரு டர்ன்ல ஆறு இன்ச் நகரலாம்னு விதி இருந்தா, நாடாவை வெச்சு அளந்து நகர்த்தணும். யாருக்கு எவ்வளவு சேதம்னு டைஸ் சொல்லும்.

இதுல இறங்கணும்னு நினைக்கிற பலரையும் தடுக்கறது விலைதான். யூட்யூப்ல தேடினா முதல்ல வர்றது வார்ஹாமர் 40,000. பார்க்கவே அட்டகாசமா இருக்கும். ஆனா ஒரு பெட்டிக்கே பல ஆயிரம் ரூபாய். அதுக்கு மேல பெயின்ட், பிரஷ், விதிப் புத்தகம். கொஞ்ச வருஷத்துல புது எடிஷன் வரும், புத்தகத்தைத் திரும்ப வாங்கணும். கணக்குப் போட்டதும் பாதிப் பேர் கிளம்பிடுவாங்க. மீதிப் பேர் வாங்குவாங்க, ஆனா பெயின்ட் அடிச்சு முடிக்க நேரம் இருக்காது, பெட்டி அலமாரியிலேயே தூங்கும். இந்த ஹாபில இருக்கறவங்க அதுக்கு ஒரு பேரே வெச்சிருக்காங்க: 'பைல் ஆஃப் ஷேம்', அதாவது அவமானக் குவியல். விளையாட்டுக்காக வாங்க ஆரம்பிச்சு, கடைசியில வாங்கறதே விளையாட்டாயிடுது.

இந்த ஹாபி எப்பவுமே இப்படித்தான் இருந்துச்சா? இல்ல. கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

வெல்ஸ் வீட்டுத் தரை

'டைம் மெஷின்' எழுதின ஹெச். ஜி. வெல்ஸ், 1913-ல 'லிட்டில் வார்ஸ்'னு ஒரு சின்ன புத்தகம் வெளியிட்டார். பொம்மைச் சிப்பாய்களை வெச்சு எப்படிப் போர் நடத்தறதுன்னு சொல்ற விதிப் புத்தகம். அவரும் நண்பர்களும் வீட்டுத் தரையிலதான் விளையாடினாங்க. ஆரம்பத்துல மலைக்குப் பதிலா என்சைக்ளோபீடியா புத்தகங்களை அடுக்கினாங்க, அப்புறம் மரக்கட்டைகளும் பலகைகளும் வந்துச்சு. காலாட்படைக்கு ஒரு அடி, குதிரைப்படைக்கு ரெண்டு அடி. பீரங்கி மட்டும் நிஜமாவே சுடும்! ஸ்பிரிங் வெச்ச பொம்மை பீரங்கி, உள்ளே சின்ன மரக்குச்சி. அது பட்டு விழுந்த சிப்பாய் அவுட். ஒரு பீரங்கியைச் சுடணும்னா அதுக்குப் பக்கத்துல அந்தப் பக்கத்துச் சிப்பாய்கள் நாலு பேராவது இருக்கணும். அந்த ஒரே விதியால, பீரங்கியைக் காப்பாத்தறதா, முன்னேறுறதா என்கிற நல்ல குழப்பம் ஒவ்வொரு டர்ன்லயும் வந்துடும்.

அடுத்து 1960-கள். இங்கிலாந்துல சவுத்ஹாம்ப்டன் கால்பந்து கிளப்போட பிசியோதெரபிஸ்ட் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன், 1962-ல 'வார் கேம்ஸ்'னு புத்தகம் எழுதினார். அதைப் படிச்சு நிறையப் பேர் இந்த விளையாட்டுக்கு வந்தாங்க. அதுக்கு மூணு வருஷம் முன்னாடிதான், 1959-ல, ஏர்ஃபிக்ஸ் கம்பெனி ஒரு இன்ச் கூட உயரம் இல்லாத பிளாஸ்டிக் சிப்பாய்களைப் பெட்டியில போட்டு விற்க ஆரம்பிச்சிருந்தது. ஸ்கூல் பசங்க பாக்கெட் மணிக்கே ஒரு பெட்டி கிடைக்கும். தேவையான படை கடையில இல்லன்னா, ஒரு சிப்பாயோட தலையை வெட்டி இன்னொண்ணுல ஒட்டுவாங்க. குண்டூசியை வெச்சு ஈட்டி செய்வாங்க.

வார்ஹாமரே அப்படித்தான் வளர்ந்துச்சு. 40,000-இன் முதல் பதிப்பு 1987-ல வந்தது. காலி டியோடரன்ட் டப்பாவை எப்படி டாங்கா மாத்தறதுன்னு அந்தக் காலத்துல கேம்ஸ் வொர்க்‌ஷாப்போட சொந்தப் பத்திரிகை 'ஒயிட் டுவார்ஃப்'பே சொல்லிக் கொடுத்தது.

இங்க ஒரு எச்சரிக்கை. 'ரெட்ரோ'ன்னதும் பலர் இபேல 80-களோட ஈய உருவங்களைத் தேடுவாங்க. கலெக்டர்கள் மோதற இடம் அது, விலை இன்னும் மோசமாகும். நம்ம பட்ஜெட்டுக்கு உதவறது அந்தக் காலத்துப் பொருள் இல்ல, அந்தக் காலத்துப் பழக்கம்: முதல்ல விளையாடு, தேவைப்பட்டா அப்புறம் வாங்கு.

விதிதான் பட்ஜெட்

சாஃப்ட்வேர்காரங்களுக்கு இது சட்டுன்னு புரியும். செலவு எவ்வளவுன்னு முடிவு பண்றது பொம்மை இல்ல, ரூல்ஸ். ஒவ்வொரு சிப்பாயையும் தனித்தனியா எடுத்து வைக்கச் சொல்ற ரூல்ஸா இருந்தா நூறு உருவம் வேணும். படைப்பிரிவு மொத்தத்தையும் ஒரே பொருளாப் பார்க்கற ரூல்ஸா இருந்தா, அந்த அட்டை மேல எத்தனை பேர் நிக்கறாங்கன்னு யாரும் கேட்க மாட்டாங்க. இன்டர்ஃபேஸ் ஒண்ணுதான், இம்ப்ளிமென்டேஷன் உங்க இஷ்டம்.

இதுக்கு நல்ல உதாரணம், நீல் தாமஸ் 2014-ல எழுதின 'ஒன்-ஹவர் வார்கேம்ஸ்'. புத்தகம் புதுசு, மனசு பழசு. மேசையில மூணுக்கு மூணு அடி இடம் போதும். ஒரு பக்கத்துக்கு ஆறு படைப்பிரிவு, 15 டர்ன், விளையாட 30 விதமான போர்ச் சூழல்கள். ஒவ்வொரு பிரிவும் 15 சேதம் வாங்கினா காலி. சேதத்தைப் பேப்பர்ல குறிச்சுக்கலாம்.

ரொம்ப சிம்பிளா இருக்கே, போரடிக்காதான்னு கேட்பீங்க. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. துப்பாக்கிக் காலத்துப் போர்ல ஒரு காலாட்படை ஒரு டைஸ் உருட்டும், விழற எண்தான் சேதம். சராசரி 3.5. வெட்டவெளியில நிக்கற எதிரியை ஒரு பிரிவு தனியா அழிக்க நாலஞ்சு டர்ன் ஆகும். அதே எதிரி மறைவான இடத்துல இருந்தா சேதம் பாதிதான், அப்போ நேரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. மொத்தமே 15 டர்ன்தான். நேரா மோதினா பாதி ஆட்டம் அங்கேயே போயிடும். சுத்தி வந்தா நடக்கறதுலயே மூணு டர்ன் போகும். விட்டுட்டுப் போனா முதுகுல சுடுவான். இந்தத் தவிப்புக்குத்தான் வார்கேம் ஆடறோம். இதுக்குப் பத்தாயிரம் ரூபாய்ப் பொம்மை தேவையே இல்ல.

இலவசமா வேணும்னா 'லிட்டில் வார்ஸ்' ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்ல இருக்கு. அறிவியல் புனைவு, ஃபேன்டஸி பிடிச்சவங்களுக்கு 'ஒன் பேஜ் ரூல்ஸ்' இருக்கு, அடிப்படை விதிகளை இலவசமாவே டவுன்லோட் பண்ணலாம்.

ஷாப்பிங் லிஸ்ட்

*படை:* ஃபேன்ஸி ஸ்டோர்ல, திருவிழாக் கடையில பச்சை பிளாஸ்டிக் சிப்பாய் பாக்கெட் கிடைக்கும். ரெண்டு பாக்கெட் எடுங்க. பத்து சென்டிமீட்டர் அகல அட்டையில நாலு பேரை ஒட்டினா ஒரு படைப்பிரிவு. ஆறு ஆறா பன்னிரண்டு பிரிவு, மொத்தம் 48 பேர். பொம்மை கிடைக்கலன்னா படத்தைக் கெட்டியான பேப்பர்ல பிரின்ட் எடுத்து, மடிச்சு, நிக்க வெச்சுடலாம்.

*பெயின்ட்:* இந்த வழவழ பிளாஸ்டிக்ல அடிச்ச பெயின்ட் உரிஞ்சு வரும். ஏர்ஃபிக்ஸ் காலத்து டெக்னிக் ஒண்ணு: முதல்ல பாத்திரம் கழுவற சோப்புல கழுவிக் காய வைங்க. அப்புறம் தண்ணி கலந்த ஃபெவிகால் ஒரு கோட். அது காய்ஞ்சதும் அக்ரிலிக் பெயின்ட். உடுப்பு, தோல், துப்பாக்கி, மொத்தம் மூணு கலர். ரெண்டடி தள்ளி நின்னு பார்க்கறப்ப கண்ணிமை தெரியாது, வரையவும் வேண்டாம்.

*நிலம்:* வெல்ஸ் வழிதான். புத்தகத்தை அடுக்கி மேல பச்சைப் போர்வை, அதுதான் மலை. நீலத் துணி ஆறு. பிஸ்கட் டப்பா வீடு. தெர்மாகோல் துண்டு பாறை.

டைஸ், நாடா, அட்டை எல்லாம் சேர்த்தாலும் 500 ரூபாய்க்குள்ள முடிக்கலாம். ரெண்டு பேரும் பங்கு போட்டா இன்னும் கம்மி. ரெண்டு படையையும் நீங்களே செஞ்சு வெச்சுக்கறது நல்லது. வர்ற நண்பர் எதுவும் வாங்க வேண்டாம், எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டாம், வந்து உட்கார்ந்தா போதும். "நீயும் ஒரு படை வாங்கு, அப்புறம் ஆடலாம்"னு சொன்னா அந்த ஆட்டம் நடக்கவே நடக்காது.

கடைசியா ஒண்ணு. போரை விளையாட்டாக்கறது சரியான்னு சிலருக்குத் தோணும். நியாயமான கேள்வி. வெல்ஸும் அதைத் தொட்டுத்தான் புத்தகத்தை முடிச்சார். மூணு நாலு தடவை பொம்மைப் போர் ஆடிப் பார்த்தாலே, நிஜப் போர் எவ்வளவு பெரிய குளறுபடின்னு புரிஞ்சுடும்கறது அவர் கருத்து. அடுத்த வருஷமே முதல் உலகப்போர் வந்துச்சு. நீங்க போட்ட அருமையான பிளான் மூணாவது டர்ன்லயே சிதறும்போது, அவர் சொன்னது லேசாப் புரியும்.

ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. பொம்மை கூட இல்லன்னா, அட்டைத் துண்டுல 'காலாட்படை', 'குதிரைப்படை'ன்னு எழுதியே முதல் ஆட்டத்தை ஆடுங்க. பிடிச்சிருந்தா அப்புறம் ஃபேன்ஸி ஸ்டோர் பக்கம் போங்க.